டூரிஸ்ட் பஸ்ஸுக்கு மத்தியானச் சாப்பாடு

ஊர் பார்க்க வருகிறவர்களுக்குச் சோறு போடுவது கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான்; ஒரே வித்தியாசம், இங்கே வருகிற அத்தனை பேரும் சம்பந்திகள். வீட்டுக்கு வந்த நாலு விருந்தாளிக்குச் சமைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. விருந்தாளி கிளம்பின பிறகு பாத்திரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஜாதிதானே நாமெல்லாம்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கொச்சியில், மட்டாஞ்சேரியில் நான் இந்த வேலை பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் மிளகுக் கிடங்கில் எடை போடுகிறவர். கிடங்குக்குப் பின்னால் ஒரு முற்றம், ஒரு பலாமரம், ஒரு கிணறு. கிணற்றை ஒட்டி எங்கள் வீடு. கேரளா டூர் வருகிற தமிழ்நாட்டு பஸ்கள் ஆட்களை டச்சு அரண்மனை வாசலில் இறக்கிவிடும். அவர்கள் அரண்மனை, யூதர் கோயில், கடற்கரையில் சீன வலை எல்லாம் பார்த்துவிட்டு, பசி கண்ணை அடைக்கும்போது எங்கள் முற்றத்துக்கு வருவார்கள். நான் பிறந்து வளர்ந்தது இதே ஊர்தான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அதனால் பஸ்காரர்களுக்கு என் தமிழ் மேல் ஒரு சந்தேகம் உண்டு. என் சாம்பார் மேல் அதைவிட அதிகச் சந்தேகம்.

எத்தனையோ பேருக்கு இலை போட்டிருக்கிறேன். முக்கால்வாசி முகம் மறந்துவிட்டது. மறக்காத முகம் தூத்துக்குடி பஸ்ஸில் வந்த ஒரு அம்மாவுடையது. அரண்மனை பார்க்கிற சாக்கில், புருஷனுக்குத் தெரியாமல் நாத்தனாரைப் பார்க்க வந்தவர். நாத்தனாரைப் பார்க்காமல் இருக்கச் சாக்குத் தேடுகிற அண்ணிகளைத்தான் எனக்குத் தெரியும். பார்க்கச் சாக்குத் தேடின அண்ணி இவர் ஒருத்தர்தான். அவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடுவில் மற்றவர்களும் வந்து இலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள், என்ன செய்ய.

கோபக்காரச் சோறு

தமிழ்நாட்டு ஆட்களுக்கு எங்கள் ஊர் மட்டை அரிசி ஆகாது. பருமனாக, சிவப்பாக, ஒவ்வொரு பருக்கையும் தனி ஆளாக நிற்கும். அதனால் பஸ் வருகிற நாளுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வெள்ளை அரிசி வரவழைத்து வைப்போம். ஒரு தடவை லாரி வரவில்லை. பஸ் வந்துவிட்டது. நான் என்ன செய்வேன், குருவாயூரப்பன் மேல் பாரத்தைப் போட்டு மட்டை அரிசியையே வடித்து இறக்கினேன்.

இலையில் விழுந்ததும் முற்றம் முழுக்கக் கைகள் இலைக்கு மேலேயே நின்றுவிட்டன. சேலத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு பருக்கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அதை வாயில் போட்டு நிதானமாக மென்றார். பிறகு சாம்பாரை ஊற்றச் சொன்னார். இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பிசைய ஆரம்பித்தார்கள். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் நல்லா இருந்தது பாப்பா. ஆனா ஒங்க ஊர்ல சோறு மட்டும் ஏன் இவ்வளவு கோபமா இருக்கு?"

செய்தித்தாளில் சுற்றின மீன்

தெற்கிலிருந்து வருகிற பஸ்களுக்குக் கொச்சிக்கு அடுத்த ஊர் குருவாயூர். சாமி கும்பிடும்வரை கவுச்சி கிடையாது என்று மேனேஜர் பஸ் ஏறும்போதே சொல்லிவிடுவார். நன்றாகச் சொன்னார். பிறகு கொண்டுபோய்ச் சீன வலை முன்னால் நிறுத்துவார். வலை மேலே வரும்போது அதில் மீன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் ஒருத்தர் பக்தியாக இருக்க முடியும்?

மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் செய்தித்தாளில் சுற்றின கரிமீனை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். பெண்டாட்டிக்குத் தெரியாமல் பொரித்துத் தர வேண்டுமாம். பஸ்காரர்களுக்குச் சமைக்கிற பாத்திரத்தைத் தொடாமல் என் வீட்டுச் சட்டியில் பொரித்துக் கொடுத்தேன். கிணற்றடியில் நின்றே சாப்பிட்டுவிட்டு, வாயை மூன்று நான்கு தடவை கொப்பளித்துவிட்டு நல்ல பிள்ளையாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். அவர் தலை மறைந்ததும் அவர் சம்சாரம் அதே பின்வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அந்த அம்மா சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவரு மிச்சம் வச்சிருந்தா எனக்கும் ஒரு துண்டு குடு தாயி. குருவாயூரப்பன்கிட்ட ரெண்டு பேருக்கும் சேத்து நானே சொல்லிக்கிறேன்."

மிளகு வாங்கப் போன மைனி

கொச்சங்காடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் வள்ளி இருந்தாள். தூத்துக்குடிப் பெண். எங்கள் ஊர் ஜோசப், படகு எஞ்சின் மெக்கானிக், அங்கே துறைமுக வேலைக்குப் போன இடத்தில் அவளைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். தகப்பன் இல்லாத பெண்ணை வளர்த்த அண்ணன் அங்கே எண்ணெய்க் கடைக்காரர். 'இனிமே அவ வாசலை மிதிக்க மாட்டேன்' என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாராம். பஸ் வருகிற நாளில் வள்ளி எங்கள் கிணற்றடிச் சுவரோரம் வந்து நிற்பாள். என்னடி வேலை என்று கேட்டால், சும்மா தமிழ் பேசுவதைக் கேட்க வந்தேன் சேச்சி என்பாள். அப்போ நான் பேசறது என்ன என்று கேட்டால் சிரித்துக்கொண்டு ஓடிவிடுவாள்.

ஒருநாள் தூத்துக்குடி பஸ் வந்தது. எல்லாரும் அரண்மனைக்குப் போனார்கள். ஒரு அம்மா மட்டும் அங்கிருந்து நழுவி நேராக என் அடுப்படிக்கு வந்து, கொச்சங்காடி இங்கே எங்கே இருக்கிறது, அங்கே ஜோசப் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறாரா என்று கேட்டார். துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஊர்க்காரர் யாரோ அந்த அளவுக்கு அடையாளம் சொல்லியிருக்கிறார். மிளகு வாங்கப் போகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வந்தாராம். குழம்பை இறக்கி வைத்துவிட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்த வள்ளி நிமிர்ந்து பார்த்து "மைனி" என்றாள். அவர்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த அம்மா விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். ஒரு வீட்டில் நல்லெண்ணெய் இல்லாமல் எப்படிக் குடித்தனம் நடத்துகிறாய் என்று திட்டினார். பையிலிருந்து துண்டில் சுற்றின எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வைத்தார். அதற்குப் பிறகுதான் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மைனி கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது வள்ளி பாவாடை கட்டின சின்னப் பெண்ணாம்; தினமும் தலை பின்னிவிட்டது மைனிதானாம். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் அழுகை வந்தது, மறைப்பானேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது, மிளகு வாங்கவில்லை. என் வீட்டு மிளகைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். நல்லவேளை, அவர் புருஷன் இன்னும் வந்திருக்கவில்லை. அரண்மனைச் சுவரில் ராமாயணப் படம் எழுதியிருக்கும் அறையில் நின்றுகொண்டு, இது யார், அது யார், அவர் ஏன் பச்சையாக இருக்கிறார் என்று காவலாளியின் உயிரை எடுத்துவிட்டுக் கடைசி ஆளாக வந்தார். பசியில் இருந்த கூட்டம் முணுமுணுத்தது. பஸ் கிளம்பும்போது அந்த அம்மா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வருசத்துக்கு ஒரு தடவ எங்க வீட்டுக்காரவுகளுக்கு இந்த அரண்மனையப் பாக்க ஆசை வரணும்னு வேண்டிக்கிடுதேன் தங்கச்சி."

நீலத் தரை

யூதர் கோயிலில் தரை முழுக்க நீலமும் வெள்ளையுமாகச் சீனத்து ஓடு. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஆச்சி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர், மற்றவர்கள் அண்ணாந்து கண்ணாடி விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்த தலை நிமிராமல் தரையையே பார்த்து நடந்தாராம். சாப்பிட வந்தபோது கூட வந்தவர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் ஊர் வீடுகளில் இல்லாத பூத்தரையா ஆச்சி என்றேன். மோரை உறிஞ்சிவிட்டு ஆச்சி சொன்னார்: "எங்க வீட்டுத் தரை இதவிட ஒசத்திதான். அத நான் தொடச்சிருக்கேன், ஒரு நாளாவது பாத்திருக்கேனான்னு யோசிச்சுக்கிட்டே நடந்தேன்."

வெள்ளிக்கிழமை

அடுத்த வருஷம் அதே தூத்துக்குடி பஸ், அதே புருஷன் பெண்டாட்டி. போன தடவைதானே எல்லாம் பார்த்தார்கள் என்று டிரைவருக்கு ஆச்சரியம். மேனேஜர் புது ஆள். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் வெள்ளிக்கிழமை பார்த்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பூட்டின கதவைக் கும்பிட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் காலைச் சாயா நேரத்துக்கே என் முற்றத்துக்கு வந்துவிட்டது. உலை கூட வைக்கவில்லை நான்.

எனக்கு எரிச்சல், மைனிக்கு உயிர் போகிற கவலை. வள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்து கொஞ்ச மாதம் ஆகியிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் சந்து முனையில் காத்திருக்கிறாள். அரண்மனைக்குள் இருக்க வேண்டிய மைனி புருஷனோ, பஸ்ஸில் எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், பலாமரத்தடியில், என் அடுப்படி வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். வள்ளி உள்ளே வரவும் முடியாது, மைனி வெளியே போகவும் முடியாது. மைனி தலையைக் குனிந்துகொண்டு தேங்காய் துருவினார். துருவலில் கண்ணீர் விழுந்துவிடப் போகிறதே என்று நான் முறத்தை இழுத்துக்கொண்டேன். இவ்வளவு தூரம் வந்து, கூப்பிடு தூரத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்க்காமல் போவதா?

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தார். பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, கதவு நிலையைப் பார்த்துப் பேசினார். கொஞ்சம் முன்னால்தான் அந்த அம்மா என் கிணற்றில் குடம் குடமாக இறைத்திருந்தார்; அவர் காலுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணாச்சி குடை கூட எடுக்காமல் அந்த வெயிலில் கடற்கரைக்கு நடந்து போனார். போகும் முன் சொன்னது இதுதான்: "அவளுக்குக் கால் வலி, இங்கனயே இருக்கட்டும். நான் போயி அந்த வலையப் பாத்துட்டு வாரேன். மெதுவாத்தான் நடப்பேன், வர நேரமாவும்னு அவகிட்ட சொல்லிருங்க."

மூளிக் காது

அடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை. கடையில் ஆள் இல்லையோ, உடம்புக்கு என்னவோ, ஒன்றும் தெரியவில்லை. இங்கே குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது. காது மட்டும் மூளியாக இருந்தது. எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்குக் கம்மல் இல்லாவிட்டால் வழியில் போகிறவர்கள் எல்லாம் நிறுத்திக் கேட்பார்கள். ஜோசப்பின் அம்மா தங்கமான மனுஷி. கம்மல் கூட வாங்கி வைத்துவிட்டார். வள்ளி அசையவில்லை. ஞானஸ்நானம் உங்கள் சர்ச்சில் வைத்தீர்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. காது மட்டும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வாசலை மிதிக்காத மாமனுக்கு மடி எங்கிருந்து வரும் என்று நானே அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அதற்கடுத்த வருஷம் வந்தார்கள். காலைப் பலகாரமே எங்கள் முற்றத்தில்தான். அண்ணாச்சிக்கு இட்லி வைக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. உங்கள் தங்கச்சி மகளுக்கு இன்னும் காது மூளியாக இருக்கிறது, மாமன் மடிக்காகப் பிள்ளையைக் காக்க வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவர் இட்லியை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார். கூட்டத்தோடு அரண்மனைக்குப் போய்விட்டார்.

மைனிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் தெரியாத மாதிரி இருந்ததால்தானே வர முடிந்தது, இனிமேல் டூரே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று என்னைக் கேட்டார். என் நாக்கை அறுத்து உப்புக்கண்டம் போட்டால் தேவலை என்று இருந்தது. பருப்பு அடிப்பிடித்தது கூட மூக்கில் ஏறவில்லை.

அன்றைக்கு அண்ணாச்சி கடைசி ஆளாக வரவில்லை. எல்லாருக்கும் முன்னால், வேர்த்து விறுவிறுக்க வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை. பின்னாலேயே கடைத்தெருவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த தட்டான், நகை வேலை செய்கிறவர், ஊசிப் பெட்டியோடு. பலாமரத்தடியைக் காட்டி, உட்கார ஒரு மணை போடுங்கள் என்றார். நான் மணையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவ வாசல மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். இது ஒங்க வாசல்தான?"

முற்றத்தில் ஒரு பந்தி

நான் ஓடின ஓட்டத்தில் சந்தில் இருந்த கோழியெல்லாம் சிதறியது. வள்ளி குழந்தையோடு வந்து முற்றத்து வாசலில் நின்றுவிட்டாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் குழந்தையை நோக்கி நீட்டினார். அது யாரிடமும் போகாத பிள்ளை. என்ன தோன்றியதோ, குடுகுடுவென்று ஓடிப் போய் அவர் மடியில் உட்கார்ந்து மீசையைப் பிடித்து இழுத்தது. அவர் அதன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தங்கச்சியிடம் பேசின முதல் பேச்சு, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாயா இல்லையா என்பதுதான். வள்ளி விம்மிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

அதற்குள் பஸ் கூட்டம் பசியோடு வந்து சேர்ந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் ஒருத்தரும் சோறு கேட்கவில்லை. மாமன் வீட்டுச் சீர் இல்லாமல் காது குத்தா என்று பெண்கள் பைகளைத் திறந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக வாங்கி வைத்திருந்த ஏலக்காய், கிராம்பு, நேந்திரங்காய் வறுவல், யாரோ வாங்கின சின்னக் கண்ணாடி, எல்லாவற்றையும் என் தாம்பாளங்களில் பரப்பி வரிசையாக வைத்தார்கள். மைனி இடுப்பில் முடிந்து கொண்டுவந்திருந்த கம்மலை எடுத்தார். கம்மலோடுதான் கிளம்பியிருக்கிறார், பாருங்கள். தட்டான் ஊசியைக் குத்தினதும் குழந்தை வீரிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணாச்சி குழந்தையின் கண்ணைத் துடைத்தார், அவர் கண்ணைத் துடைக்க மைனி முந்தானையை நீட்டினார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து, குருவாயூரில் நடை சாத்திவிடுவார்கள் என்றார். சாத்தட்டும், காலையில் திறப்பார்கள் என்று பின்னாலிருந்து யாரோ பதில் சொன்னார்கள்.

அடிப்பிடித்த பருப்பையும் குறை சொல்லாமல் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். வள்ளி பரிமாறினாள். முதல் கவளம் எடுக்கும்போதுதான் ஜோசப் வந்தான். யாரோ சொல்லி, படகுத் துறையிலிருந்து கிரீஸ் படிந்த சட்டையோடு ஓடி வந்திருக்கிறான். முற்றத்துக்குள் கால் வைக்காமல் வெளியே நின்று, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். வள்ளி சாம்பார் வாளியோடு அப்படியே நின்றாள். அண்ணாச்சி கவளத்தை இலையில் வைத்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பாயில் கொஞ்சம் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டுக்கொண்டே, என்னிடம்தான் கோபித்துக்கொண்டார்: "மாப்பிள்ளை எவ்வளவு நேரமா நிக்காவ. அவுகளுக்கு ஒரு எலை போடப்படாதா?"

ஊர் பார்க்க வருகிற எல்லாரும் ஊரைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நம்புகிறவர்கள் ஒரு நாளும் டூரிஸ்ட் பஸ்ஸுக்குச் சமைத்திருக்க மாட்டார்கள்.